கோரா சிற்றாலயத்தைப் படம்பிடிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இஸ்தான்புல்லில் உள்ள கோரா என்ற பழைய பைசாந்தியக் கிறிஸ்தவ மடத்துக்குப் போய்வரும் இளைஞர்கள் பலர் தங்கள் படங்களை என்னிடம் காட்டுகிறார்கள். ஆள் மாறுகிறார், தவறு மாறுவதில்லை. கை நடுங்கிப் படம் மங்குவதெல்லாம் பழகினால் சரியாகிவிடும், அதை விட்டுவிடுகிறேன்.

மொசைக்கும் ஓவியமும்

முன்மண்டபங்களில் இருப்பது மொசைக், அதாவது சிறு வண்ணத் துண்டுகளைப் பதித்து ஆக்கிய படம். தென்புறச் சிற்றாலயத்தின் சுவரிலும் கூரையிலும் இருப்பது வண்ண ஓவியம். குறிப்பேட்டில் இரண்டையும் கலக்காதீர்கள்.

ஓவியத்தைக் கட்டடத்திலிருந்து வெட்டி எடுப்பது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. ஒரு மாணவி யாக்கோபின் ஏணியை (பைபிளில் யாக்கோபு கனவில் கண்ட, வானத்தை எட்டும் ஏணி) மட்டும் செவ்வகமாக வெட்டிக் கொண்டுவந்தார். "ஏணியை ஏன் சார் இப்படி வளைச்சு வரைஞ்சிருக்காங்க?" என்று கேட்டார். வளைந்தது சுவரின் மேல் விளிம்பு. ஏணி அந்த வளைவை ஒட்டியே ஏறுகிறது. உச்சியில் மரியாள் குழந்தையோடு இருக்கிறார். அங்கிருந்து தலையை நிமிர்த்தினால் குவிமாடத்திலும் மரியாளும் குழந்தையும்தான், சுற்றிலும் பன்னிரண்டு தேவதூதர்கள். வெட்டிய படத்தில் இந்தத் தொடர்ச்சி மொத்தமும் போய்விட்டது.

கிழக்குப் பகுதியில் இழப்பு இன்னும் பெரிது. வளைகூரை முழுக்க இறுதித் தீர்ப்பு. நடுவில் ஒரு தேவதூதர் சூரிய சந்திரர்களோடு வானத்தையே பாய்போலச் சுருட்டுகிறார். பீடத்தைப் பார்த்து நின்றால் இடக்கைப் பக்கச் சுவரில் மீட்கப்பட்டவர்கள் சொர்க்கத்துக்குள் போகிறார்கள். வலக்கைப் பக்கம் நரக வேதனைகள் நான்கு கட்டங்களில். எதிரே, பீடத்தின் அரைவட்ட மாடத்தில், கிறிஸ்து ஆதாமையும் ஏவாளையும் மணிக்கட்டைப் பிடித்துக் கல்லறையிலிருந்து இழுக்கிறார். காலடியில் பாதாளத்தின் உடைந்த கதவுகள், சிதறிய பூட்டுகள். சுவர் குழிந்திருப்பதால் ஆதாமும் ஏவாளும் நம்மை நோக்கி முன்னே வருகிறார்கள். அதற்கு முன்னுள்ள வளைவில் பைபிளில் இயேசு எழுப்பும் இருவர், நாயீன் ஊர் விதவையின் மகனும் யவீருவின் மகளும், உயிர்பெறும் காட்சிகள்.

ஏன் இத்தனை உயிர்த்தெழுதல்? இந்தச் சிற்றாலயம் ஒரு கல்லறை ஆலயம். பைசாந்தியப் பேரரசின் பெரிய அமைச்சரான தியோடர் மெட்டோகைட்டிஸ் சுமார் 1315-1321இல் இதைக் கட்டுவித்தார். 1328இல் பதவியும் சொத்தும் பறிபோய் நாடுகடத்தப்பட்டார். பிறகு இதே மடத்துக்குத் துறவியாகத் திரும்பி 1332இல் இறந்தார். பக்கச் சுவர்களிலுள்ள கல்லறை மாடங்களை "வெறும் பொந்து" என்று ஒதுக்கிவிட்டால் மேலே உள்ள ஓவியம் எவருக்காக என்பதே தெரியாது.

இன்னொருவர் நூற்றுக்கணக்கில் நெருக்கப் படங்கள் எடுத்து வந்தார். எது எந்தச் சுவர் என்று எழுதவில்லை. ஊருக்கு வந்து சேர்த்துப் பார்த்தால் எதுவும் பொருந்தவில்லை. இரண்டாம் முறை விமானச் செலவு. ஆகவே முதலில் நடுவில் நின்று நான்கு திசையும் கூரையும் அகலமாக எடுங்கள். தரைப்படம் ஒன்று வரைந்து சுவர்களுக்கு எண் கொடுங்கள். நெருக்கப் படம் அதற்குப் பிறகுதான்.

ஓவியர் பெயர்

தெரியாது. ஊகித்து எழுதாதீர்கள்.

ஃபிளாஷ்

வேண்டவே வேண்டாம்.

தொழுகை நேரம் பார்க்காமல் போவது

2024 மே மாதம் முதல் இது மீண்டும் மசூதியாக இயங்குகிறது. தொழுகை நேரத்தையும் உடைக் கட்டுப்பாட்டையும் முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போங்கள்.