ஆலோசகர் அறைக்குப் போகுமுன்பும் போன பின்பும் நடக்கும் தவறுகள்

நான் முதலில் வேலை பார்த்த கல்லூரியில் மாணவர் ஆலோசனை அறை, முதல்வர் அலுவலகத்துக்கு நேர் எதிரே இருந்தது. கண்ணாடிக் கதவு. வாசலில் ஒரு நீளமான நோட்டு: பெயர், வகுப்பு, பதிவு எண், வந்த காரணம். கட்டணம் கட்ட வரிசையில் நிற்பவர்கள் அத்தனை பேரும் அந்தக் கதவைப் பார்த்தபடிதான் நிற்பார்கள். பக்கங்கள் பெரும்பாலும் வெறுமையாகவே இருந்தன. "நம் பிள்ளைகளுக்குப் பிரச்சினையே இல்லை" என்று ஆண்டறிக்கையில் எழுதினார்கள். அந்த வாக்கியத்தை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் பொறுக்கவில்லை. வர வேண்டிய பிள்ளைகள் வராமல் போனதற்கு அந்தக் கதவும் நோட்டுமே போதுமான காரணங்கள்.

முதல் தவறு அந்தச் சொல்லிலேயே தொடங்குகிறது. நம் ஊரில் கவுன்சிலிங் என்றால் பொறியியல் இடம் கிடைப்பதற்கான கலந்தாய்வு. அல்லது, வருகைப்பதிவு குறைந்தவனையும் தேர்வறையில் கைப்பேசியோடு பிடிபட்டவளையும் உட்காரவைத்துப் புத்தி சொல்வது. ஆலோசனை என்ற தமிழ்ச் சொல்லும் ஏறக்குறைய அதே வேலையைச் செய்துவிடுகிறது. ஒருவர் சொல்வார், மற்றவர் கேட்டுக்கொள்வார் என்ற எண்ணத்தைத் தருகிறது. இலங்கைத் தமிழர்கள் இதை உளவளத்துணை என்கிறார்கள். துணை என்ற அந்தச் சொல்லில் விஷயம் சரியாக இருக்கிறது. பயிற்சி பெற்ற ஒருவர் முக்கால் மணி நேரம் உங்கள் பேச்சைக் கேட்கிறார், இடையிடையே கேள்வி கேட்கிறார், நீங்கள் சிக்கிக்கொண்ட இடத்தை உங்களுக்கே காட்டுகிறார். அடுத்த வாரம் அங்கிருந்து தொடர்கிறார். ஆகவே தண்டனையாக மாணவரை அங்கே அனுப்பும் துறைத் தலைவர் பெரும் தவறு செய்கிறார். அப்படி அனுப்பப்பட்டவரைப் பார்த்த பத்துப் பேர் தாமாகப் போவதை விட்டுவிடுவார்கள்.

மாணவர்கள் பக்கத்துத் தவறு, முதல் நாளிலேயே தீர்வு கிடைக்கும் என்று எதிர்பார்ப்பது. "ஒரு தடவை போனேன், அவர் ஒன்றுமே சொல்லவில்லை" என்று எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். முதல் அமர்வில் பெரும்பாலும் அறிமுகமும் கதை கேட்பதும்தான் நடக்கும். மூன்று நான்கு அமர்வுகளாவது கொடுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் அந்த நபரிடம் மனம் திறக்க முடியவில்லை என்றால் வேறொருவரைக் கேட்பதில் தவறே இல்லை. நல்ல ஆலோசகர் அதற்காக வருத்தப்பட மாட்டார்.

தாமதம்தான் எல்லாவற்றிலும் கொடிய தவறு. நம் பிள்ளைகள் 'மனச்சோர்வு' என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. தலைவலி, நெஞ்சுப் படபடப்பு, வயிற்றுவலி, எந்நேரமும் அசதி என்றுதான் வருகிறார்கள். ஸ்கேன் எடுக்கிறார்கள், ஒன்றும் இல்லை என்று சொல்லி சத்து மாத்திரையோடு அனுப்புகிறார்கள். இரண்டு வாரங்களுக்கு மேல் தூக்கம் கெட்டு, பசி மாறி, குளிக்கவும் தோன்றாமல், முன்பு பிடித்த கிரிக்கெட்டும் பாட்டும் கசந்துபோனால் அதைச் சோம்பல் என்று ஒதுக்கக் கூடாது. இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: உடலைப் பார்க்காமலே எல்லாம் மனம்தான் என்று முடிவு செய்வது. தைராய்டு குறைபாடும் ரத்தசோகையும் இதே அசதியையும் ஆர்வமின்மையையும் தரக்கூடியவை. மருத்துவர் ரத்தப் பரிசோதனை எழுதினால் அதைச் செய்துவிடுங்கள்.

முதலாம் ஆண்டின் முதல் பருவத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்துப் பள்ளியிலேயே முதல் மதிப்பெண் வாங்கியவன், ஆங்கிலத்தில் ஓடும் பாடத்தின் முன் ஊமையாக உட்கார்ந்திருக்கிறான். விடுதிச் சாப்பாடு இறங்கவில்லை. முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வில் வாழ்க்கையில் முதல்முறையாகத் தோற்கிறான். பருவத் தேர்வில் இரண்டு அரியர். வீட்டுக்குத் தெரிந்தால் அப்பா உடைந்துபோவார் என்று மறைக்கிறான். அடுத்த பருவத்தில் ஐந்து அரியர், மறைக்க வேண்டியதும் அதிகம். தோல்வியைவிட அதை ஒளித்துவைக்கும் சுமைதான் பிள்ளைகளை நசுக்குகிறது என்பது என் அனுபவம். அந்த இரண்டு அரியர் நாளிலேயே யாரோ ஒருவரிடம், பாட ஆசிரியரிடமோ அக்காவிடமோ, சொல்லிவிடுவது நல்லது. அரியரை எழுதித் தேறிவிடலாம்.

"சொன்னால் வீட்டுக்குப் போய்விடும்" என்ற பயம் நியாயமானது. ஒரு மாணவி காலையில் அழுதுகொண்டே சொன்ன விஷயம், தேநீர் இடைவேளைக்குள் ஆசிரியர் அறைக்கு வந்து சேர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவள் அதன்பின் எங்களில் யாரிடமும் பேசவில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, சிகிச்சை பெறுபவரின் தகவல்கள் ரகசியமாகக் காக்கப்படும் உரிமையை அளிக்கிறது. உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு, நீதிமன்ற உத்தரவு போன்ற சில சூழல்கள்தாம் விதிவிலக்கு. முதல் சந்திப்பிலேயே நேராகக் கேளுங்கள்: "நான் சொல்வதை யாரிடம், எந்த நிலையில் சொல்வீர்கள்?" இந்தக் கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்பவரிடம் நம்பிப் பேசலாம்.

பல கல்லூரிகளில் ஏதோ ஒரு பேராசிரியருக்கு 'ஆலோசகர்' என்று கூடுதல் பொறுப்பு கொடுத்துவிடுகிறார்கள். எவ்வளவு அன்பானவராக இருந்தாலும், உள்மதிப்பீட்டு மதிப்பெண் போடும் கையிடம் ஒரு மாணவன் தன் மனத்தைக் கொடுப்பது கடினம். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், நூறு அல்லது அதற்கு மேல் மாணவர் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்றும், சிறிய நிறுவனங்கள் வெளியிலுள்ள வல்லுநர்களோடு முறையான தொடர்பு வைத்திருக்க வேண்டும் என்றும் வழிகாட்டுதல் தந்தது. உங்கள் கல்லூரியில் யார் அந்தத் தகுதியுள்ளவர் என்று கேட்பது மாணவரின் உரிமை. மனநல மருத்துவர் மருத்துவம் படித்தவர், மருந்து எழுதுவார். உளவியலாளரும் ஆலோசகரும் பேச்சு வழியாக உதவுவார்கள், மருந்து எழுத மாட்டார்கள். ஊக்கப் பேச்சாளர் இவர்களில் யாரும் அல்லர், அவரை ஆலோசகராக எடுத்துக்கொள்வது தவறு. கைப்பேசியில் வரும் முப்பது நொடிக் காணொளியைப் பார்த்துத் தனக்கு இந்த நோய் என்று பெயர் சூட்டிக்கொள்வதும் அதே வகைத் தவறு.

மருந்து தொடங்கியவர்கள் பாதியில் நிறுத்துவது சகஜமாக நடக்கிறது. மனச்சோர்வு மருந்து வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். குமட்டல், தூக்கக் கலக்கம் போன்ற தொந்தரவுகள் அதற்கு முன்பே வந்துவிடும். "மருந்தால் நோய் கூடிவிட்டது" என்று பிள்ளைகள் நினைப்பது இந்த இடைவெளியில்தான். தேர்வு நெருங்குகிறது, பகலில் தூக்கம் வருகிறது என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள், அளவையோ நேரத்தையோ மாற்றித் தருவார். தொடங்கிய முதல் வாரங்களில் பதற்றமோ தவறான எண்ணங்களோ கூடினால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் உடனே சொல்ல வேண்டும். நன்றாகிவிட்டது என்று தோன்றும்போதும் மருத்துவராகப் படிப்படியாகக் குறைக்கும்வரை மருந்தை விடக் கூடாது.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அறைத் தோழன் ஒருநாள் "வாழ்வதில் அர்த்தமில்லை" என்று சொன்னால், பேச்சை மாற்றிச் சினிமாவுக்கு அழைத்துப் போகாதீர்கள். "சாக வேண்டும் என்று நினைக்கிறாயா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதே பலருக்குப் பாரத்தைக் குறைக்கிறது. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் சத்தியம் செய்து கொடுக்காதீர்கள். அவனைத் தனியே விடாமல், விடுதிக் காப்பாளரையோ வீட்டாரையோ நம்பகமான ஆசிரியரையோ அந்த இரவே கூப்பிடுங்கள். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசிச் சேவை 2022 முதல் இருபத்து நான்கு மணி நேரமும் இலவசமாக இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் இதற்கு 'நட்புடன் உங்களோடு' என்று பெயர். சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பும் தொலைபேசியில் காது கொடுத்துக் கேட்கிறது. ஏதாவது நடந்துவிட்டால், போலீஸ் வழக்கு வரும் என்று பயந்து மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளாதீர்கள், 108ஐ அழையுங்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும், தண்டிக்கக் கூடாது என்பதுதான் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிலை.

பெற்றோரிடம் அதிகம் சொல்லப் போவதில்லை, அவர்களும் பயந்துபோனவர்கள்தாம். கோயிலுக்கோ தர்காவுக்கோ அழைத்துப் போவது பிள்ளைக்கு ஆறுதல் தந்தால் போகட்டும், ஆனால் மருத்துவரைப் பார்க்கும் நாள் அதனால் தள்ளிப்போகக் கூடாது. "நாங்கள் படாத கஷ்டமா?" என்ற கேள்வியோடு பிள்ளையின் பேச்சு நின்றுவிடும். பெண் பிள்ளை என்றால் திருமணப் பேச்சில் தெரிந்துவிடுமே என்று சிகிச்சையை மறுக்கிறார்கள். அந்த மறுப்புக்கு அவள் தன் இளமையின் பல ஆண்டுகளை விலையாகக் கொடுக்கிறாள்.

பணம் ஒரு தடை என்றால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. பார்ப்பதற்கும் மருந்துக்கும் கட்டணம் இல்லை. வெளிநோயாளிகளைக் காலையில் பார்ப்பார்கள். சீக்கிரம் போங்கள், முடிந்தால் நண்பர் ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் என்ன சொல்வது என்ற தயக்கத்திலேயே பலர் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். முந்தின இரவே ஒரு தாளில் நான்கு வரி எழுதிவைத்துக்கொள்ளுங்கள்: எத்தனை மணிக்குத் தூங்கினேன், என்ன சாப்பிட்டேன், எந்த வகுப்புக்குப் போகவில்லை, எப்போதிலிருந்து இப்படி. வாய் வராவிட்டால் அந்தத் தாளை நீட்டினால் போதும், மற்றதை அவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.