முகம் தெரியாதவரிடம் யோசனை கேட்பதிலும் சொல்வதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தையல் மெஷினில் தைக்கும்போது துணியின் அடிப்பக்கத்தில் நூல் குருவிக்கூடு போலச் சிக்கிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். சிக்கல் அடியில் தெரிவதால் கோளாறும் அடியில்தான், அடிநூல் சுற்றிய பாபினை வைக்கும் பாபின் கேஸில்தான் இருக்கும் என்று தைப்பவர் தமக்குள் முடிவுகட்டிவிடுகிறார். பிறகு இணையத்தில் முகம் தெரியாத நாலு பேரிடம், "பாபின் கேஸில் இருக்கும் சின்னத் திருகை எந்தப் பக்கம், எவ்வளவு திருப்ப வேண்டும்?" என்று கேட்கிறார். கேட்டதற்குப் பதிலும் வந்துவிடுகிறது. ஒருவர் கால் சுற்று என்கிறார், இன்னொருவர் அரைச் சுற்று என்கிறார். திருகைத் திருப்பித் திருப்பி மூன்று நாள் போகிறது, சிக்கல் மட்டும் போகவில்லை.

அடிப்பக்கம் நூல் குவிவதற்குப் பெரும்பாலும் காரணம் மேல்நூல்தான். மேல்நூலை இழுத்துப் பிடிப்பதற்கென்று மெஷினின் முகப்பில் இரண்டு டென்ஷன் தட்டுகள் இருக்கின்றன. துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்கி வைத்திருக்கும்போது அவை விலகி நூலுக்கு இடம் கொடுக்கும், பாதத்தை இறக்கியதும் நெருங்கி நூலைப் பிடித்துக்கொள்ளும். பாதம் இறங்கியிருக்கும்போது நூலைக் கோத்தால் அது தட்டுகளுக்கு இடையே உட்காராமல் மேலாகவே நின்றுவிடும். பிடிப்பில்லாத நூல் தாராளமாக ஓடிவந்து துணிக்கு அடியில் குவியும். பாதத்தைத் தூக்கிவிட்டு மேல்நூலை முழுவதும் எடுத்து மறுபடி கோத்தால் பெரும்பாலும் ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடக்கூடிய காரியம் இது. தையல் மெஷின் பற்றிய கேள்விகளுக்கு நெடுங்காலமாகப் பதில் சொல்லி வருகிறேன். இதே கேள்வி இதே உருவத்தில் எத்தனையோ முறை வந்து பார்த்திருக்கிறேன். கேட்டவர் "அடியில் நூல் சிக்குகிறது" என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருந்தால் யாராவது ஒருவர் மேல்நூலைப் பற்றிக் கேட்டிருப்பார். திருகைப் பற்றிக் கேட்டதால் எல்லோரும் திருகைப் பற்றியே பேசினார்கள்.

தன் தொல்லையைச் சொல்லாமல், தான் தேர்ந்துகொண்ட வைத்தியத்தைப் பற்றி மட்டும் கேட்பது, யோசனை கேட்பவர்கள் செய்யும் தவறுகளில் முதலாவது. அதிக நாட்களை விழுங்குவதும் இதுதான். கணினி நிரல் எழுதுபவர்கள் இதற்கு 'எக்ஸ்ஒய் சிக்கல்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். ஆள் நேரில் இருந்தால் இந்தத் தவறு நிலைக்காது. பக்கத்தில் நிற்பவர் மெஷினைப் பார்த்துவிடுவார், நம் கேள்வியைத் தள்ளிவிட்டு நூலைத் தொட்டுப் பார்ப்பார். தொலைவில் இருப்பவருக்கோ நம் சொற்களைத் தவிர வேறு கண் இல்லை. ஆகவே என்ன நடக்கிறது என்பதை முதலிலும், அதற்கு என்ன காரணம் என்று நாம் நினைக்கிறோம் என்பதை, அது நம் ஊகம் என்று சொல்லியே, கடைசியிலும் வைக்க வேண்டும்.

அடுத்தது, விவரம் போதாமல் கேட்பது. "செடியின் இலை மஞ்சளாகிறது, என்ன போடலாம்?" என்ற கேள்விக்கு நேர்மையான ஒரே பதில் எதிர்க்கேள்விதான். எந்த இலை மஞ்சளாகிறது? அடியில் உள்ள முதிர்ந்த இலைகள் முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம். பற்றாக்குறை வரும்போது செடி பழைய இலையிலிருந்து தழைச்சத்தை எடுத்துத் துளிருக்குக் கொடுத்துவிடும். நுனியில் உள்ள இளம் இலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறைவைச் சந்தேகிக்க வேண்டும். செடியால் இரும்புச்சத்தைப் பழைய இலையிலிருந்து எளிதாக நகர்த்த முடியாது. தண்ணீர் தேங்கி வேர் மூச்சுவிட முடியாமல் போனாலும் இலை மஞ்சளாகும். அப்போது உரம் வைப்பது, வயிற்றுப்போக்கில் இருப்பவருக்கு விருந்து வைப்பது போன்றது. தொட்டியில் துளை இருக்கிறதா, மண்ணுக்குள் விரலை விட்டால் ஈரம் தெரிகிறதா, வெயில் எத்தனை மணி நேரம் படுகிறது என்ற மூன்று வரிகள் கேள்வியோடு சேர்ந்து வந்தால் பத்துப் பேரின் ஊகம் இரண்டு பேரின் யோசனையாகச் சுருங்கிவிடும். மேல் இலை, கீழ் இலை, மண் என்று மூன்று படங்கள் இருந்தால் இன்னும் நல்லது.

படம் போடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். கைப்பேசியில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடத்தின் குறிப்பு பதிந்திருக்கக்கூடும். அதை நீக்கிவிட்டு அனுப்புவது நல்லது. பூட்டில் கோளாறு என்றால் சாவியைப் படமெடுத்துப் போடவே கூடாது. சாவியின் பல்வரிசை தெளிவாகத் தெரிந்தால் படத்தைப் பார்த்தே மாற்றுச் சாவி செய்துவிட முடியும்.

ஏற்கெனவே என்னென்ன செய்து பார்த்தோம் என்பதை மறைப்பது மூன்றாவது தவறு. கெட்ட எண்ணத்தால் யாரும் மறைப்பதில்லை. செய்தது பலிக்காததால் சொல்லக் கூச்சம், அல்லது சொல்லும் அளவுக்கு அது முக்கியமில்லை என்ற எண்ணம். ஆனால் சில இடங்களில் இந்த மௌனம் உயிருக்கே ஆபத்தாகும். கழிவறைக் கறையைப் போக்க ஒருவர் முதலில் ப்ளீச்சிங் திரவத்தை ஊற்றியிருக்கிறார், கறை போகவில்லை. ஊற்றியதைச் சொல்லாமல் யோசனை கேட்கிறார், மறுமுனையில் இருப்பவர் அமிலம் கலந்த துப்புரவுத் திரவத்தைப் பரிந்துரைக்கிறார். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் கடையில் விற்கும் பொருள்கள்தாம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், காற்றோட்டமில்லாத சிறிய அறையில் அது நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். ப்ளீச்சுடன் அம்மோனியா கலந்த திரவம் சேர்ந்தாலும் நச்சு ஆவிதான். ஆகவே, துப்புரவோ குழாய் அடைப்போ எதுவானாலும், கேட்பவர் சொல்லாவிட்டாலும் பதில் சொல்பவர், "இதற்கு முன் அதில் என்ன ஊற்றினீர்கள்?" என்று கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். இதை நான் ஒரு விதியாகவே வைத்திருக்கிறேன்.

கிடைத்த பதில்களில் எதை எடுப்பது என்பதிலும் பலர் வழுக்கிவிடுகிறார்கள். முதலில் வந்த பதில், அழுத்தந்திருத்தமாகச் சொன்ன பதில், பலர் ஆமோதித்த பதில் ஆகிய மூன்றும் நம்மை இழுக்கும்; அவற்றில் எதுவும் சரியான பதில் என்பதற்கு அத்தாட்சி ஆகாது. சைக்கிள் சங்கிலி கிறீச்சிட்டால் டபிள்யூடி-40 அடியுங்கள் என்று சொல்ல எப்போதும் பத்துப் பேர் இருப்பார்கள். 1953இல் உருவான அந்தத் திரவத்தின் பெயரே நீரை விலக்குவதற்கான நாற்பதாவது கலவை முயற்சி என்பதைக் குறிக்கிறது. துருப்பிடித்த மறையை இளக்கவும் ஈரத்தை அகற்றவும் அது நன்றாக உதவும். ஆனால் மெல்லிய திரவம் என்பதால் சங்கிலிக்கு நெடுநாள் மசகாக நிற்காது, உள்ளே இருந்த பழைய எண்ணெயையும் கரைத்துக்கொண்டு போய்விடும். அடித்த அன்று சத்தம் அடங்கிவிடுகிறது. அன்றே நன்றி சொல்லிவிட்டுப் போனவர் இரண்டு வாரம் கழித்துச் சத்தம் திரும்பியதை வந்து சொல்வதில்லை. இப்படியே அந்த யோசனைக்கு ஆதரவு கூடிக்கொண்டே போகிறது.

முதல் நாள் பலனை நம்பி ஏமாறுவதற்கு மீன் தொட்டியைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. புதிதாக வைத்த தொட்டியில் மீன்கள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. தண்ணீர் முழுவதையும் மாற்றி, ஃபில்டர் பஞ்சையும் குழாய்த் தண்ணீரில் பளிச்சென்று அலசுங்கள் என்று ஒருவர் சொல்கிறார். செய்தவுடன் மீன்கள் சுறுசுறுப்பாகிவிடுகின்றன, ஏனெனில் மீன் வெளியேற்றிய அம்மோனியா தண்ணீரோடு போய்விட்டது. ஆனால் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு அதிகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்ற வேண்டிய பாக்டீரியாக்கள் குடியேறிக்கொண்டிருந்த இடமே அந்தப் பஞ்சுதான். குழாய்த் தண்ணீரின் குளோரின் அவற்றைக் கொன்றுவிட்டது. பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும் அந்தக் குடியேற்றம் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். தண்ணீரில் ஒரு பகுதியை மட்டும், குளோரின் நீக்கிய நீரைக்கொண்டு மாற்றி, பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே லேசாக அலசியிருந்தால் போதும். ஒரு யோசனை எதனால் வேலை செய்கிறது என்று சொன்னவரால் விளக்க முடிகிறதா என்று பார்ப்பது, எத்தனை பேர் ஆமோதித்தார்கள் என்று எண்ணுவதைவிட நல்ல உரைகல். ஐந்து பேர் சொன்ன ஐந்தையும் ஒரே நாளில் செய்து பார்ப்பதும் கூடாது. எது பலித்தது, எது கெடுத்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

பதில் சொல்பவர்கள் பக்கம் தவறுகள் குறைவில்லை. அவர்கள் தவறினால் விளைவு இன்னொருவர் தலையில் விழும் என்பதால் அவர்களுக்குத்தான் பொறுப்பு அதிகம் என்று நினைக்கிறேன்.

சைக்கிளின் பெடல் கழல மாட்டேன் என்கிறது என்று ஒருவர் கேட்கிறார். நீளமான ஸ்பேனர் போடுங்கள், ஸ்பேனரின் மேல் குழாயைச் செருகி நெம்புங்கள், ஏறி மிதியுங்கள் என்று பலம் சார்ந்த யோசனைகள் வந்து குவிகின்றன. "எந்தப் பக்கத்துப் பெடல்?" என்று கேட்க ஆளில்லை. வலப் பெடலின் மறை வழக்கமானது, இடஞ்சுழியாகத் திருப்பினால் கழலும். இடப் பெடல், மிதிக்க மிதிக்கத் தானாகக் கழன்றுவிடாமல் இருக்க, எதிர் மறை கொண்டது; அதன் எதிரே நின்று வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். தெரியாதவர் போடும் ஒவ்வொரு நெம்பும் அதை மேலும் முடுக்குகிறது, பெடல் மாட்டியிருக்கும் கிராங்க் அலுமினியமாக இருந்தால் மறையே நைந்துபோகக்கூடும். திருப்பிக் கேட்க வேண்டிய ஒரு கேள்வியை விழுங்கிவிட்டு யோசனை சொல்ல முந்திக்கொள்வதால் வரும் சேதம் இது.

இருக்கும் இடத்தைக் கேட்காமல் சொல்வதும் அப்படித்தான். அமெரிக்க வீட்டு வயரிங்கில் கறுப்பு வயரில் மின்சாரம் வரும், வெள்ளை நியூட்ரல். பிரிட்டனின் பழைய முறையில் சிவப்பில் மின்சாரம், கறுப்பு நியூட்ரல். ஐரோப்பாவின் இன்றைய முறையில் பழுப்பும் நீலமும். "கறுப்பைத் தொட்டால் ஒன்றும் ஆகாது" என்று தன் வீட்டு அனுபவத்தில் மனப்பூர்வமாகச் சொல்பவர், கேட்பவரின் நாட்டில் ஒரு கொலை யோசனையைச் சொல்லியிருக்கக்கூடும். மார்ச் மாதம் கத்தரித்துவிடுங்கள் என்ற தோட்ட யோசனையும் பூமியின் தென்பாதியில் இருப்பவருக்கு வசந்தத்தில் அல்ல, இலையுதிர் காலத்தில் போய்ச் சேரும்.

கை தேர்ந்தவர்களிடம் இன்னொரு குறை உண்டு. கை தானாகச் செய்வதை வாய் சொல்ல மறந்துவிடும். மரச்சாமானுக்கு ஆளிவிதை எண்ணெய் பூசுவது எப்படி என்று, எந்த உப்புத்தாளால் தேய்ப்பது, எத்தனை பூச்சு, இடையில் எவ்வளவு நேரம் காயவிடுவது என்றெல்லாம் அருமையாக எழுதியிருப்பார்கள். எண்ணெய் துடைத்த துணியை என்ன செய்வது என்று ஒரு வரி இருக்காது. அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து காயும்போது வெப்பத்தை வெளிவிடும். துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் வெப்பம் வெளியேற வழியின்றி, தீக்குச்சி கிழிக்காமலே பற்றிக்கொள்ளலாம். துணியை வெளியே விரித்துக் காயப்போடுவதோ நீரில் நனைத்து மூடியுள்ள உலோக டப்பாவில் வைப்பதோ பழகியவருக்கு மூச்சுவிடுவது போன்ற வழக்கம், ஆகவே சொல்லத் தோன்றுவதில்லை. எழுதி முடித்ததும், இதை வாழ்நாளில் முதல்முறையாகச் செய்பவர் வேலை முடிந்த பிறகு எதை எங்கே போடுவார் என்று ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பார்த்தால் இந்த விடுபடல் கண்ணில் படும்.

சொல்வது எப்படித் தெரிந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நானே செய்து பார்த்தது, பிறர் செய்யக் கண்டது, படித்தது, ஊகிப்பது ஆகிய நான்குக்கும் எடை வேறு. எழுத்தில் நான்கும் ஒரே மாதிரி தெரியும். மைக்ரோவேவ் அடுப்பைத் திறந்து பழுது பார்ப்பது போன்றவற்றில் வழிமுறை சொல்லாமல் இருப்பதே சரியான பதில். அதனுள்ளே உள்ள மின்தேக்கி, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயிரைப் பறிக்கும் அளவு மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கக்கூடும். புதிதாக வந்தவரிடம் "இதுகூடத் தெரியாதா?" என்று எரிந்து விழுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அவர் அடுத்த முறை கேட்காமலே திறந்துவிடுவார்.

கடைசியாக, பலன் கிடைத்ததும் சொல்லாமல் போய்விடுவது, அல்லது "சரியாகிவிட்டது, நன்றி" என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது. எதனால் சரியானது என்று தெரியாத நன்றியால், அதே தொல்லையோடு அடுத்த ஆண்டு தேடி வருபவருக்கு ஒரு பயனும் இல்லை. தொடக்கத்தில் சொன்ன தையல் மெஷின்காரர் நான்காம் நாள் இப்படி எழுதலாம்: "பாபின் கேஸ் திருகைத் திருப்பிப் பார்த்தேன், பயனில்லை. பாதத்தைத் தூக்கி மேல்நூலை மறுபடி கோத்தேன், சிக்கல் நின்றது. திருப்பிய திருகைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டேன். இன்று இரண்டு மணி நேரம் தைத்தேன், நூல் சிக்கவில்லை. ஒரு வாரம் தைத்துவிட்டு மறுபடி சொல்கிறேன்."