ரெண்டும் பொண்ணுதானே, அப்புறம் ஏன் ஒன்னு மேல ஒன்னு ஏறுது? கினி பிக் வளர்க்கிறவங்க பண்ற தப்புகள்

எங்க வீட்ல ரெண்டு பொண்ணு கினி பிக் (முயல் மாதிரி கூண்டுல வளர்க்கிற, வாலில்லாத சின்ன பிராணி), பேரு மல்லி, ஜிலேபி. வந்தப்ப ரெண்டுக்கும் ரெண்டு மாசம்கூட ஆகல. முதல் வாரம் ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கிட்டே கெடந்துச்சுங்க. பத்தாவது நாள் காலைல பாத்தா மல்லி இடுப்ப ஆட்டி ஆட்டி மெதுவா ஜிலேபிய சுத்தி வருது, தொண்டைக்குள்ள இருந்து ர்ர்ர்ருனு ஒரு சவுண்டு, மரமேஜை மேல வைப்ரேட்ல வச்ச போன் மாதிரி, அப்புறம் அது மேல ஏற பாக்குது, ஜிலேபி கத்திக்கிட்டே ஓடுது. நான் பயந்துபோய் ரெண்டையும் தனித்தனியா போட்டேன். சாயங்காலம் சேத்தேன், மறுபடி அதே கூத்து, மறுபடி பிரிச்சேன். நாலு நாள் இப்படியே போச்சு.

எல்லாரும் பண்ற முதல் தப்பு இதுதான், பெரிய தப்பும் இதுதான். கினி பிக் கூட்டமா வாழ்ற பிராணி, எது பெருசு எது சின்னதுனு அதுங்களுக்குள்ள ஒரு வரிசை வேணும். குட்டியா இருக்கிறப்ப அது பெருசா தெரியாது, வளர ஆரம்பிச்சதும் அந்த பேச்சுவார்த்தை நடக்கும். நடுவுல நம்ம போய் பிரிக்கிறது, பஞ்சாயத்து பாதில இருக்கும்போதே ஆள கலைச்சு விடுறது மாதிரி. அடுத்த தடவ சேக்கும்போது விட்ட இடத்துல இருந்து ஆரம்பிக்காது, முதல்ல இருந்து ஆரம்பிக்கும்.

அப்ப எதெல்லாம் விட்டுடலாம்? இடுப்ப ஆட்டுறது, தொரத்துறது, மோந்து பாக்குறது, மேல ஏறுறது, முடிய லேசா கடிச்சு இழுக்கிறது எல்லாமே சகஜம். பின்னாடி வந்து தொல்ல பண்றவ மூஞ்சிக்கு நேரா சர்ருனு மூத்திரம் பீச்சி அடிக்கும், அதுவும் 'போடி அந்தாண்ட'னு சொல்றதுதான். எனக்கு பாக்க புடிச்சது மூக்கு தூக்குற போட்டி: ரெண்டும் எதிர் எதிரா நின்னு மூக்க மேல மேல தூக்கும், எவ முதல்ல தலைய கீழ எறக்குறாளோ அவ விட்டுக்குடுத்துட்டானு அர்த்தம், முடிஞ்சுது, ரெண்டும் புல்லு திங்க போயிடும். கீழ இருக்கிறது கத்துறத கேட்டா கொல்ற மாதிரி இருக்கும், ஆனா பாதி நேரம் அது 'சரி சரி, நீயே பெரியவ, விடு'ங்கிற கத்தல்தான்.

கோடு எங்கனா, ரத்தம். பல்லு கடகடனு அடிக்கிறது எச்சரிக்கை, அதோட பிடரி முடி நிமிந்து ரெண்டுமே பின்வாங்காம பாய தயாரா நின்னா பக்கத்துல இருங்க. ஒன்ன ஒன்னு கவ்விக்கிட்டு பந்து மாதிரி உருண்டாலோ தோல் கிழிஞ்சாலோ உடனே பிரிக்கணும். ஆனா நடுவுல கைய மட்டும் விட்டுடாதீங்க ப்ளீஸ், தடியான டவலயோ குப்பை அள்ற முறத்தயோ நடுவுல விடுங்க. நான் தெரியாம கைய விட்டேன், அந்த நேரத்துல அது யார் கைனு எல்லாம் பாக்காது, ஆள்காட்டி விரல்ல தழும்பு இன்னும் இருக்கு.

அடுத்தது, மேல ஏறுறத பாத்து 'அய்யோ இது ஆம்பளயோ'னு பயப்படுறது. பொண்ணு பொண்ணு மேல ஏறும், அத வச்சு ஒன்னும் சொல்ல முடியாது. ஆனா கடைக்காரர் 'ரெண்டும் பொண்ணுதான்மா'னு சொன்னத அப்படியே நம்புறதும் தப்பு. என் ஃப்ரெண்டு ஒருத்தி நம்பினா, ரெண்டு மாசம் கழிச்சு ஒரு காலைல கூண்டுல மூணு குட்டி, கண்ண தொறந்துக்கிட்டு முடியோட ஓடிட்டு இருந்துச்சு. ஆண் குட்டி 3 வாரத்துலயே இணை சேர தயாராயிடும், பொண்ணு 4 வாரத்துல, அப்புறம் குட்டி வயித்துல இருக்கிறது 59ல இருந்து 72 நாள். முயல், கினி பிக் எல்லாம் பாத்து பழகின டாக்டர்கிட்ட, ஆணா பொண்ணானு பாக்க, வாங்கின வாரமே காமிச்சிடுங்க.

சரி, அடங்கிருச்சுனு நினைக்கிறப்ப திடீர்னு ஒரு நாள் மறுபடி ஆரம்பிக்கும். நான் தினசரி காலண்டர் தாள்ல ஒரு சின்ன ம போட்டு குறிச்சு வச்சேன், அப்பதான் புரிஞ்சுது, மல்லி கிட்டத்தட்ட 16 நாளைக்கு ஒருக்கா இப்படி ஆடுறா. அது அவ ஹீட்டுக்கு வர்ற நாள், அதாவது இணை சேர தயாரா இருக்கிற நாள். ஒரு நாள் ஆட்டம், மறுநாள் ஒன்னுமே நடக்காத மாதிரி இருப்பா. அத போய் 'பகை முத்திருச்சு'னு எடுத்துக்காதீங்க.

இனி கூண்டு. சண்டைக்கு பாதி காரணம் நம்ம வைக்கிற சாமான்தான். ஒரே கிண்ணம், ஒரே தண்ணி பாட்டில், ஒரு வாசல் வச்ச வீடு வச்சா பெரியவ வாசல்லயே உக்காந்துக்குவா, உள்ள இருக்கிறது மாட்டிக்கும். அட்டைப்பெட்டில ரெண்டு பக்கமும் ஓட்டை போட்டா போதும், காசு செலவே இல்ல. எல்லாத்தயும் ரெண்டு ரெண்டா, தள்ளி தள்ளி வைங்க. இடம் ரெண்டுக்கும் சேத்து குறைஞ்சது 4 அடிக்கு 2 அடியாவது வேணும், கடைல தர்ற குட்டி கூண்டுல தோத்தவளுக்கு ஓடி ஒதுங்க எடமே இருக்காது, ஓட முடியாததாலதான் பல நேரம் கடி வரைக்கும் போகுது.

எங்கம்மாவுக்கு ஜிலேபி மேல ஒரே பாசம், 'பாவம்டி அது'னு சொல்லி கொத்தமல்லிய அதுக்கு மட்டும் முதல்ல குடுப்பாங்க. குடுத்த அடுத்த நிமிஷம் மல்லி வந்து தொரத்துவா. நம்ம நீதி அதுங்களுக்கு புரியாது, ரெண்டு தட்டு, ஒரே நேரம், அவ்ளோதான். நிஜமாவே சின்னது பட்டினி கெடக்குதானு தெரியணும்னா பரிதாபம் உதவாது, தராசு உதவும். வாரம் ஒரு தடவ கிச்சன் தராசுல நிறுத்து எழுதுங்க. வளர்ற குட்டிக்கு எடை ஏறணும், ஏறாம நின்னாலோ குறைஞ்சாலோ டாக்டர்கிட்ட போங்க.

ரெண்டும் ஒரே வாசனை வரட்டும்னு ஒன்னா குளிப்பாட்டி விடுறது, இன்னொன்னு வாங்கி போட்டா சரியாயிடும்னு மூணாவது வாங்குறது, ரெண்டும் வேணாம். முதல்ல சொன்னது வெறும் பயத்த கூட்டும், ரெண்டாவது செட்டான வரிசைய கலைச்சு மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்க வைக்கும்.

நான் பிரிக்கிறத நிறுத்தினப்புறம் பத்து பன்னெண்டு நாள்ல அடங்கிருச்சு. இப்ப தண்ணி பாட்டில்கிட்ட மல்லி வந்தா ஜிலேபி நகந்துக்கும். வெள்ளரிக்கா போட்டா மட்டும் ஜிலேபி, மல்லி வாய்ல இருந்தே புடுங்கிட்டு ஓடுவா, மல்லி ஒரு சவுண்டுகூட விடமாட்டா, வேற துண்டு இருக்கானு தேட போயிடுவா.