டைல்ஸ் விரிசல் விடாமல் துளை போட

சேலம் அம்மாபேட்டை வீட்டுக் குளியலறையில் டவல் ஸ்டாண்ட் மாட்டப்போய் இரண்டு டைல்ஸை உடைத்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. டிரில் மெஷின் ஹேமரில், அதாவது இடித்துக்கொண்டே துளைக்கும் முறையில் இருந்ததைக் கவனிக்கவே இல்லை. முதலில் அந்த ஹேமரை அணைத்துவிடுங்கள்.

குறித்த இடத்தில் மாஸ்கிங் டேப்பைப் பெருக்கல் குறியாக ஒட்டினால் பிட் (துளையிடும் முனை) வழுக்காது. சுவர் பிட் வேண்டாம். ஈட்டி முனை மாதிரி இருக்கும் டைல்ஸ் பிட் கேட்டு வாங்குங்கள். விட்ரிஃபைடு (மிகக் கெட்டியான வகை டைல்ஸ்) என்றால் டைமண்ட் பிட்தான். மெதுவான வேகம், லேசான அழுத்தம். அவ்வப்போது நிறுத்தி, ஈர ஸ்பாஞ்சால் பிட்டைக் குளிரவையுங்கள். மெஷின்மேல் தண்ணீர் படக்கூடாது. தூள் சிமெண்ட் நிறத்துக்கு மாறினால் டைல்ஸைத் தாண்டியாயிற்று, அப்புறம் சுவர் பிட் போடலாம்.

ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளத் துளைக்குள் போடும் பிளாஸ்டிக் பிளக்கை டைல்ஸ் மட்டத்தோடு விட்டுவிடாதீர்கள். ஸ்க்ரூ முறுக்கும்போது அது விரிந்து டைல்ஸை உடைத்துவிடும். என் இரண்டாவது டைல்ஸ் அப்படித்தான் போனது. சுவருக்குள் இறங்கும்வரை தள்ளுங்கள்.