கொரிய சரித்திரத் தொடரில் எந்த இளவரசி யார் என்று கண்டுபிடிப்பது எப்படி

சப்டைட்டிலை நம்பாதீர்கள். அதில் எல்லாப் பெண்களும் 'இளவரசி'தான். காதைத் தீட்டிக்கொண்டு பெயரின் கடைசிப் பகுதியைக் கேளுங்கள்.

'கோங்ஜு' என்று முடிந்தால், கொரியாவை ஆண்ட ஜோசோன் வம்ச அரசனுக்குப் பட்டத்தரசி பெற்ற மகள். 'ஓங்ஜு' என்றால் மற்ற மனைவியர் பெற்றவள். இருவருமே அரசவைப் படிநிலைக்கு அப்பாற்பட்டவர்கள். அப்பா இன்னும் பட்டத்து இளவரசர்தான் என்றால், மூத்தாள் மகள் 'குன்ஜு', இரண்டாம் படி. மற்றவள் மகள் 'ஹ்யோன்ஜு', மூன்றாம் படி.

பின்னாலேயே 'மாமா' என்று ஒன்று வரும். "யாருக்கு யார் மாமா?" என்று என் அம்மா முதல் நாளே குழம்பிவிட்டார். அது அரச குடும்பத்துக்கான மரியாதைச் சொல், அவ்வளவுதான். உண்மையில் இளவரசிகளை 'ஜாகா' என்றுதான் அழைத்தார்களாம். தொடர்க்காரர்கள் அதைக் கண்டுகொள்வதில்லை.

பட்டம் மாறுவதையும் கவனியுங்கள். 1436இல் பிறந்த ஜோசோன் இளவரசி கியோங்ஹ்யேவுக்கு 1450 தொடக்கத்தில் கல்யாணம். அப்போது அவள் குன்ஜு. சில வாரங்களில் தாத்தா, அரசர் சேஜோங் இறந்தார், அப்பா முன்ஜோங் அரியணை ஏறினார், அவள் கோங்ஜு ஆனாள்.

அப்புறம் மாப்பிள்ளை. அவர் பட்டம் 'வி' என்று முடியும். கியோங்ஹ்யேவின் கணவர் ஜோங் ஜோங், 'யோங்யாங்வி'. மதிப்பு உண்டு, நிர்வாகப் பதவி கிடையாது. மணமானதும் அரண்மனைக்கு வெளியே குடித்தனம். அந்த வீட்டின் அளவிலும் அந்தஸ்து தெரியும்: 1431இல் சேஜோங் வகுத்த விதிப்படி, தூண் இடைவெளியை அலகாக வைத்து, இளவரசிக்கு 50 'கான்', சாதாரணக் குடிமகனுக்கு 10.

கடைசியாக, இளவரசி கந்தல் கட்டி அழும் காட்சி வந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். கியோங்ஹ்யேவின் தம்பி தன்ஜோங்கிடமிருந்து சித்தப்பா 1455இல் அரியணையைப் பறித்ததும், ஜோங் ஜோங்கை 1461இல் கொன்றதும் வரலாறு. அவள் அடிமையாக்கப்பட்டாள் என்பது பிற்காலத்தார் எழுதிய கதை. சாவதற்குச் சற்று முன் ஒரே மகன் மிசுவுக்கு அவள் எழுதிக்கொடுத்த சொத்துப் பத்திரம் கிடைத்திருக்கிறது. அதிலும் அவள் கோங்ஜுதான். வீடும் நிலமும் மகனுக்கு. அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லையே என்ற கவலையும் அதே தாளில் இருக்கிறது.