திருப்பூர் பனியனும் பாலக்காட்டு முகவரியும்: டி-சர்ட் அச்சிட்டு இணையத்தில் விற்கும் முறை

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் போன்ற எல்லையோர ஊர்களில் வசிக்கும் தமிழருக்கு டி-சர்ட் தொழிலில் ஒரு வசதி உண்டு. காலையில் புறப்பட்டுத் திருப்பூருக்குப் போய், துணியைத் தொட்டுப் பார்த்து வாங்கிக்கொண்டு, மாலைக்குள் வீடு திரும்பிவிடலாம். தொலைவிலிருந்து படத்தைப் பார்த்து மட்டும் சரக்கு எடுப்பவர்களுக்கு இந்த வாய்ப்பு இல்லை. அதே எல்லைக்கோடு, விற்கும்போது ரசீதிலும் வரியிலும் குறுக்கே வந்து நிற்கிறது. ஆகவே வசதியை முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டு, சிக்கலை முன்கூட்டியே தீர்த்துவைப்பது எப்படி என்று பார்ப்போம்.

முதலில் யாருக்கு விற்கப்போகிறோம் என்பதைத் தீர்மானிக்க வேண்டும். "எல்லோருக்கும்" என்று தொடங்குகிறவர்களின் டி-சர்ட் யாருக்கும் உரியதாகத் தோன்றுவதில்லை. செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும்) கால்பந்துக் குழுக்கள், கல்லூரி இறுதியாண்டு வகுப்புகள், கோயில் திருவிழாக் கமிட்டிகள், வெளியூரில் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர்கள் என்று தெளிவான கூட்டம் ஒன்றை மனத்தில் வைத்து வடிவமைத்தால், முதல் ஐம்பது பீஸ் எங்கே போகும் என்பது அச்சடிக்கும் முன்பே தெரிந்துவிடும். ஓணத்துக்கு ஒரு வடிவம், பொங்கலுக்கு ஒரு வடிவம் என்று இரண்டு பருவங்களையும் பயன்படுத்திக்கொள்ள நம்மால் முடியும். பண்டிகைக்கு ஆறு வாரங்களுக்கு முன்பே மாதிரி கையில் இருக்க வேண்டும்.

தமிழ் எழுத்தோ மலையாள எழுத்தோ இடம்பெறும் வடிவங்களில் தனிக் கவனம் தேவை. ஒருங்குறியில் (யூனிகோட்) தட்டச்சு செய்த சொல்லை வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டும்போது, இந்திய மொழிகளுக்கான எழுத்தமைப்பு இயக்கப்படாமல் இருந்தால், 'கொ' என்பதிலுள்ள கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய்விடும். மலையாளக் கூட்டெழுத்துகள் உடைந்து, நம் புள்ளியைப் போன்ற சந்திரக்கலைக் குறியோடு தனித்தனியாக நிற்கும். ஃபோட்டோஷாப்பிலும் இல்லஸ்ட்ரேட்டரிலும் தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுத்தபின் இது சரியாகிவிடும். அதன்பிறகும், அச்சகத்துக்கு அனுப்பும் முன் எழுத்து முழுவதையும் கோட்டு வடிவமாக (அவுட்லைன்) மாற்றிவிட வேண்டும். இல்லையேல் அவர்களுடைய கணினியில் அந்த எழுத்துரு இல்லாத ஒரே காரணத்தால் சொல் சிதைந்து அச்சாகும். அச்சடிப்பவருக்குத் தமிழ் தெரிந்திருந்தாலும் அவசரத்தில் அதைக் கவனிக்க மாட்டார். எழுத்துருவின் உரிமத்தையும் பார்க்க வேண்டும். இரு மொழிகளிலும் ஒரே சாயலில் எழுத விரும்புவோருக்கு பலூ தம்பி, பலூ சேட்டன் என்ற இணை எழுத்துருக்கள் மிகவும் பொருந்தும். முன்னது தமிழுக்கும் பின்னது மலையாளத்துக்கும் உரியது. இரண்டும் திறந்த உரிமத்தில் வெளியானவை என்பதால் வணிகப் பயன்பாட்டுக்குத் தடையில்லை.

நடிகர்களின் முகம், திரைப்பட வசனம், கால்பந்துக் கழகங்களின் சின்னம் ஆகியவை வேகமாக விற்கும் என்பது உண்மைதான். ஆனால் அவற்றுக்கு உரிமையாளர்கள் இருக்கிறார்கள். தம் பெயரும் உருவமும் அனுமதியின்றிப் பயன்படுத்தப்படுவதை எதிர்த்து ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில், 2015-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. இணையச் சந்தைகளில் புகார் வந்தால் முதலில் பட்டியல் நீக்கப்படும். அடுத்துக் கணக்கே முடக்கப்படலாம். சொந்தப் பெயரில் தொழில் நிலைத்தபின், ஆடைகளுக்கான 25-ஆம் வகுப்பில் வணிகச் சின்னத்துக்கு விண்ணப்பிப்பது நல்லது.

இனித் துணி. பணம் நிற்பதும் கரைவதும் இங்கேதான் என்பதால் இதற்கு நிறைய நேரம் கொடுக்கலாம். திருப்பூர் காதர்பேட்டையில் வெற்று டி-சர்ட்டுகள் மொத்தமாகக் கிடைக்கும். எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ், அதாவது ஏற்றுமதியில் மிஞ்சியது, என்று விற்கப்படும் சரக்கு விலை குறைவாகவும் துணி நன்றாகவும் இருக்கக்கூடும். ஆயினும் அதே நிறமும் அதே அளவும் அடுத்த மாதம் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. இணையத்தில் ஒரு வடிவத்தைத் தொடர்ந்து விற்க நினைப்பவர், ஆண்டு முழுவதும் ஒரே தரத்தில் கொடுக்கக்கூடிய பனியன் கம்பெனியைப் பிடிப்பதே சரி. கோம்ப்டு பருத்தி (சீவிக் குட்டை இழைகளை நீக்கியது), பயோ வாஷ் செய்த (நொதியால் மென்மையாக்கிய) சிங்கிள் ஜெர்சி (ஒற்றைப் பின்னல் துணி), 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) என்பது நம் வெயிலுக்கு ஏற்ற நடுத்தரத் தேர்வு. தோள் இறங்கிய ஓவர்சைஸ் வகைக்கு 220 முதல் 240 வரை வேண்டும். மெல்லிய துணியில் அது தொங்கிப்போகும்.

 விற்பவர் சொல்லும் ஜிஎஸ்எம் எண்ணை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. பெரும்பாலான பனியன் கம்பெனிகளில் 100 சதுர சென்டிமீட்டர் வட்டத்தைத் துல்லியமாக வெட்டும் கருவி இருக்கும். 180 ஜிஎஸ்எம் துணியில் வெட்டிய வட்டத்தைச் சிறு தராசில் வைத்தால் 1.8 கிராம் காட்ட வேண்டும், 1.6 காட்டினால் அது 160 ஜிஎஸ்எம். அடுத்த சோதனையை வீட்டிலேயே செய்யலாம். மாதிரி டி-சர்ட்டின் நீளத்தையும் மார்பகலத்தையும் அளந்து குறித்துக்கொண்டு, மூன்று முறை துவைத்துக் காயவைத்து மீண்டும் அளக்க வேண்டும். சுருக்கம் ஐந்து விழுக்காட்டைத் தாண்டினால் அந்தச் சரக்கு வேண்டாம். பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுப் பக்கம் வந்துவிட்டதா என்பதையும் பார்க்க வேண்டும். சிங்கிள் ஜெர்சியில் இந்தக் குறை அடிக்கடி வரும், இதைச் சகித்துக்கொள்ளும் வாடிக்கையாளர் மிகக் குறைவு. கறுப்பு நிறத்தை எப்போதும் ஒரே சாய லாட்டில், அதாவது ஒரே தடவையில் சாயமிட்ட சரக்கில், வாங்க வேண்டும். இரு லாட்டுகளின் கறுப்பை வெளிச்சத்தில் அருகருகே வைத்தால் ஒன்று பழுப்பாகவும் மற்றொன்று நீலமாகவும் தெரியும்.

அச்சு முறையை எண்ணிக்கைதான் தீர்மானிக்கிறது. ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி ஸ்கிரீன் எடுக்க வேண்டியிருப்பதால் முதல் செலவு அதிகம். எண்ணிக்கை கூடக் கூட ஒரு பீஸுக்கான செலவு இறங்கிவிடும். இரண்டு நிறம், நூறு பீஸ் என்றால் தயங்காமல் இதையே தேர்ந்தெடுக்கலாம். பத்து இருபது பீஸ் மட்டும் வேண்டுமென்றாலும், பல நிறம் கொண்ட படமென்றாலும் டிடிஎஃப் (டைரக்ட் டு ஃபிலிம்) பொருந்தும். படலத்தில் அச்சாகி, பசைத்தூள் உருகிப் படிந்த வடிவத்தை ஹீட் பிரஸ்ஸில் ஏறத்தாழ 150 முதல் 160 டிகிரி சூட்டில் பத்துப் பதினைந்து வினாடி அழுத்தித் துணியில் ஏற்றுவது இந்த முறை. படலத்தை உரித்தபின் இரண்டாம் முறையும் அழுத்தச் சொல்ல வேண்டும். அதைத் தவிர்க்கும் கடைகளின் அச்சு சீக்கிரம் ஓரத்தில் எழும்பும். சூட்டில் மையை ஆவியாக்கி இழையில் ஏற்றும் சப்ளிமேஷன் பாலியஸ்டருக்கு மட்டுமே உரியது. விளையாட்டு ஜெர்சிகளுக்கு அது சிறந்தது, பருத்தியில் பிடிக்காது.

டிடிஎஃப்-க்கு வடிவமைக்கும்போது இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். நிறங்களுக்கு அடியில் வெள்ளைப் பூச்சு இருப்பதால், மெல்ல மங்கி மறையும் நிழல்களும் ஒளிவட்டங்களும் கறுப்புத் துணியில் வெளிறிய விளிம்பாக மாறிவிடும். ஓரங்கள் கூர்மையாக இருக்க வேண்டும். மார்பு முழுவதும் நிரம்பிய பெரிய நிறக்கட்டம் காற்றுப் புகாத பிளாஸ்டிக் தாளைப்போல் உடம்பில் ஒட்டிக்கொள்ளும். நம் ஊர் ஏப்ரலில் அதை ஒருவர் இரண்டாம் முறை அணிய மாட்டார். ஆகவே நிரப்பிய பகுதிகளில் கோடுகளோ புள்ளிகளோ விட்டுத் துணியைத் தெரியவைப்பது நல்லது. கோப்பை அச்சாகும் அளவிலேயே, 300 டிபிஐ தெளிவில், பின்னணி இல்லாத பிஎன்ஜி வடிவில் கொடுக்க வேண்டும். மாதிரி வந்தவுடன் அச்சை இரு கைகளாலும் இழுத்துப் பார்க்க வேண்டும். ஸ்கிரீன் அச்சு விரிசல் விட்டால் மை போதிய சூட்டில் வேகவில்லை என்று பொருள்.

இப்போது எல்லைக்கோட்டின் கணக்கு. சரக்குக்கான ஜிஎஸ்டி பதிவு வரம்பு கேரளத்தில் ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் விற்றுமுதல். ஆனால் அது மாநிலத்துக்குள்ளேயே விற்பவருக்கு மட்டும் பொருந்தும். கொழிஞ்சாம்பாறையிலிருந்து காசர்கோட்டுக்கு அனுப்புவது உள்மாநில விற்பனை; கைக்கெட்டும் தூரத்திலுள்ள பொள்ளாச்சிக்கு அனுப்புவது வெளிமாநில விற்பனை. வெளிமாநிலத்துக்கு ஒரே ஒரு டி-சர்ட்டை விற்றாலும் பதிவு கட்டாயம். இணையச் சந்தைகளின் வழியாக மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறு வணிகருக்கு 2023 அக்டோபர் 1 முதல் சலுகை உண்டு. பான் எண்ணைக் கொண்டு சேர்க்கை எண் (என்ரோல்மென்ட்) ஒன்றைப் பெற்று, ஜிஎஸ்டி பதிவு இல்லாமலே விற்கலாம். நம் வாடிக்கையாளரில் பாதிப் பேர் எல்லைக்கு அப்பால் இருக்கும்போது இச்சலுகையால் பெரிய பயன் இல்லை என்பது என் கருத்து. தொடக்கத்திலேயே வழக்கமான பதிவை எடுத்துவிடுவது மேல். விற்றுமுதலில் ஒரு சிறு விழுக்காட்டை மட்டும் வரியாகக் கட்டும் தொகுப்புத் திட்டத்தை (காம்போசிஷன்) தேர்ந்தெடுத்தவர் வெளிமாநிலத்துக்கு விற்க முடியாது என்பதால் அதையும் தவிர்க்க வேண்டும்.

2025 செப்டம்பர் 22 முதல் ஒரு பீஸ் 2,500 ரூபாய் வரையிலான ஆடைக்கு ஐந்து விழுக்காடு வரி. திருப்பூர்க்காரர் நமக்கு ஐஜிஎஸ்டி (வெளிமாநில விற்பனைக்கான ஜிஎஸ்டி) போட்டு ரசீது தருவார். பதிவு இருந்தால் அதை நம் விற்பனை வரியில் கழித்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் அது நம் செலவு. இன்னொன்று பலருக்கும் தெரியாது: நாம் வாங்கிய வெற்று டி-சர்ட்டை அச்சடிப்பதற்காக மட்டும் தமிழ்நாட்டிலுள்ள பட்டறைக்கு ஜாப் ஒர்க்காக, அதாவது கூலி வேலைக்கு, அனுப்பினால், இ-வே பில் என்னும் மின்னணுச் சரக்குப் போக்குவரத்துச் சீட்டுக்கு வழக்கமாக உள்ள 50,000 ரூபாய் வரம்பு பொருந்தாது; மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தச் சீட்டு வேண்டும். 2017-இல் ஜிஎஸ்டி வந்தபின் வாளையாறு வணிகவரிச் சோதனைச் சாவடியின் பழைய வரிசை போய்விட்டது. வழியில் நிறுத்திக் கேட்கும் அதிகாரம் போகவில்லை. துணி வாங்குவதையும் அச்சையும் திருப்பூரிலேயே ஒரே இடத்தில் முடித்து, முழுப்பொருளாக ரசீது வாங்கினால் இந்தத் தொல்லை இராது.

விலையைக் கணக்கிட ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். 499 ரூபாய்க்கு விற்றால், அதில் வரி போக ஏறத்தாழ 475 நம்முடையது. துணி 150, அச்சு 80, லேபிளும் உறையும் 12, கூரியர் 65, பணப் பரிமாற்றக் கட்டணம் 10 என்று வைத்தால் மொத்தம் 317, மீதி 158. பொருள் கையில் சேர்ந்தபின் பணம் தரும் முறையில் அனுப்பி, வாங்கியவர் மறுத்தால், போகவும் வரவும் கூரியருக்கே 130 போய்விடும். அதாவது ஒரு பார்சல் திரும்பினால் ஒரு விற்பனையின் லாபம் ஏறக்குறைய முழுவதும் அழியும். முன்பணம் செலுத்துவோருக்கு ஐம்பது ரூபாய் தள்ளுபடி கொடுப்பது இதைவிட மலிவு.

சரக்கு வாங்கி வைக்கவே விருப்பமில்லாதவர்களுக்கு, ஆர்டர் வந்தபின் அச்சடித்து நேரே வாடிக்கையாளருக்கு அனுப்பும் நிறுவனங்கள் இருக்கின்றன. லாபம் குறைவு, ஆனால் எந்த வடிவம் விற்கிறது என்பதைப் பணம் முடக்காமல் அறிய அது ஏற்ற வழி. நன்றாக ஓடும் வடிவத்தை மட்டும் பிறகு மொத்தமாக அச்சடிக்கலாம். விற்பனையை இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப் பிசினஸிலும் தொடங்கலாம். சொந்த இணையதளம் வைத்தால் சட்டப்படியான பெயர், முகவரி, குறைதீர் அலுவலரின் தொடர்பு ஆகியவற்றை அதில் காட்ட வேண்டும். 2020-ஆம் ஆண்டு இ-வணிக விதிகளின்படி புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

கணினியில் ஒட்டிய மாதிரிப் படத்தை மட்டும் போடாமல், அணிந்த ஒருவரைக் காலை வெளிச்சத்தில் எடுத்த படத்தையும், அச்சின் அருகாமைப் படத்தையும் சேர்க்க வேண்டும். அளவு அட்டவணையில் டி-சர்ட்டைத் தரையில் விரித்து அளந்த மார்பகலத்தை அங்குலத்தில் கொடுத்து, "உங்களிடம் நன்றாகப் பொருந்தும் டி-சர்ட்டை இப்படி அளந்து ஒப்பிடுங்கள்" என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதினால் அளவு மாற்றக் கோரிக்கைகள் வெகுவாகக் குறையும். தனியார் கூரியர்களில் பொதுவாக முதல் கட்டண எடை வரம்பு 500 கிராம் என்பதால், 180 ஜிஎஸ்எம் டி-சர்ட் இரண்டு ஒரே கட்டணத்தில் போகும்; இரண்டாகச் சேர்த்து வாங்குவோருக்கு விலையைக் குறைக்க இங்கே இடம் இருக்கிறது. திரும்பி வந்த பார்சலை அன்றே பிரித்து, கறையும் வியர்வை வாடையும் இல்லையென்று உறுதிசெய்து, மடித்து, அளவு வாரியாகப் பட்டியலில் ஏற்றிவிட வேண்டும். அந்த அளவுக்கு வரும் அடுத்த ஆர்டர் புதிய பீஸிலிருந்து போகாமல் அதிலிருந்தே போகட்டும்.