பேஸ் கிற்றாருக்குக் கம்பி வாங்குமுன்: நம்மவர் செய்யும் தவறுகள்

சீசன் தொடங்கப் போகிறதென்றால், திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஹோட்டல்களில் வாசிக்கும் பொடியன்கள் பேஸ் கிற்றாருக்குக் கம்பி மாற்ற நினைப்பார்கள். “அண்ணா, ஆக நல்ல கம்பி எது?” என்று கேட்டு வருவார்கள். “எங்க வாசிக்கப் போறாய்? பக்கத்தில ஆர் ஆர் வாசிக்கிறது?” என்று நான் திருப்பிக் கேட்பேன். பலருக்கு அது சம்பந்தமில்லாத கேள்வியாகப் படும். அதற்குப் பதில் தெரியாமல் கம்பி வாங்குவதுதான் தலையாய தவறு. மற்றத் தவறுகளில் பாதி இதிலிருந்தே கிளைக்கின்றன.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. உவர்மலையில் என் அறைக்குள் இருந்து, புது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி பூட்டி வாசித்தபோது ஒவ்வொரு சுரமும் பியானோ போல மின்னியது. அந்தக் கிழமையே ஒரு கலியாண மண்டபம். சீமெந்துத் தரை, தகரக் கூரை, இடது கையால் கீழ்ச்சுரங்களையும் சேர்த்து அமுக்கும் கீபோர்ட்காரர், சிம்பலை விடாமல் அடிக்கும் ட்ரம்ஸ். இடைவேளையில் பாடகி வந்து, “அண்ணா, உங்கட பேஸ் கேக்கேல்ல, சுருதி பிடிக்க ஏலாமக் கிடக்கு” என்றார். வொலியூமைக் கூட்டினேன். கிளிங் கிளிங் என்ற சத்தம் கூடியதே தவிர, பேஸ் வரவில்லை.

காரணம் இதுதான். புது ஸ்டீல் கம்பி கூடுதலாகத் தருவது மேல்பக்கத்து மினுக்கம். சிம்பலும் மற்றக் கிற்றாரும் பாடுபவரின் மெய்யெழுத்துகளும் இருக்கிற இடமும் அதுவே. கூட்டத்துக்குள் போனதும் அந்த மினுக்கத்தை அவை விழுங்கிவிடும். தனியே வாசிக்கும்போது நம்மை மயக்கியது மேடையில் காணாமல் போய்விடும். ஆகத் தடித்த ஈ கம்பியை விரல் அழுத்தாமல் திறந்து மீட்டினால் அதன் அடிப்படை அதிர்வு 41 ஹெர்ட்ஸ். சின்ன அம்ப் அந்த 41ஐ ஒழுங்காகத் தராது. 82, 123 என்று மேலே போகும் மேற்றொனிகளை வைத்துத்தான் நம் காது அதை ஈ என்று பிடித்துக்கொள்கிறது. மண்டபத்தில் பேஸைத் தாங்குவது இந்தக் கீழ் நடுப்பகுதிதான். ஆகவே அறைக்குள் தனியே வாசித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். தெரிந்த பாட்டு ஒன்றை ஸ்பீக்கரில் ஓடவிட்டு, அதோடு சேர்ந்து வாசித்துப் பாருங்கள்.

கம்பிகளின் வகையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நடுவில் ஒரு ஸ்டீல் கரு, அதன்மேல் சுற்று. சுற்றுக்கம்பி உருண்டையானால் ரவுண்ட்வவுண்ட்: துலக்கமான சத்தம், விரல் நகர்ந்தால் கீச்சொலி. நாடா போலத் தட்டையானால் ஃப்ளாட்வவுண்ட்: வழவழப்பு, உருண்டு திரண்ட சத்தம். உருண்டைச் சுற்றின் மேற்பரப்பை அரைத்துச் சமப்படுத்தினால் ஹாஃப்ரவுண்ட், இரண்டுக்கும் நடு. உலோகச் சுற்றின்மேல் நைலோன் நாடா சுற்றியது டேப்வவுண்ட். நிமிர்த்தி வைத்து வாசிக்கும் பெரிய கொன்ட்ராபேஸ் பக்கம் சாயும் மென்மை.

அடுத்த தவறு, காதில் விழுந்த ஒரு பதிவைத் துரத்துவது. அறுபதுகளின் தொடக்கத்துப் பாட்டுகளின் அந்தத் ‘தும் தும்’ வேண்டுமென்று கேட்கும் ஒருவர், கடையில் மினுமினுக்கும் ரவுண்ட்வவுண்ட் செட்டோடு வெளியே வருவார். ஃபெண்டர் நிறுவனத்தின் பிரிசிஷன் பேஸ் கிற்றார் 1951இல் வந்தது. அதில் பூட்டியிருந்தவை ஃப்ளாட் கம்பிகள். இங்கிலாந்தின் ரோட்டோசவுண்ட் நிறுவனம், தி ஹூ ரொக் குழுவில் பேஸ் வாசித்த ஜோன் என்ட்விசிலுடன் சேர்ந்து தன் ரவுண்ட் பேஸ் கம்பியைச் செம்மைப்படுத்தியது 1966இல்தான். அந்தப் பியானோ மினுக்கம் பரவியது அதற்குப் பிறகு. அமெரிக்காவின் மோடவுன் நிறுவனப் பதிவுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனிடம் இருந்தது 1962ஆம் ஆண்டுப் பிரிசிஷன் பேஸ், தடித்த ஃப்ளாட் கம்பிகள். அறுந்தால் ஒழிய அவர் மாற்றியதில்லை. சுட்டுவிரல் ஒன்றாலேயே மீட்டினார். அவருடைய கம்பியை வாங்கிப் போட்டு, பிளெக்ட்ரம் என்ற மீட்டும் வில்லையால், உடலில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் அடித்தால் அந்தச் சத்தம் வராது. கை, மீட்டும் இடம், கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப், அம்ப் எல்லாவற்றுக்கும் பிறகுதான் கம்பி. இளையராஜாவின் எண்பதுகளின் பாட்டுகளைக் கேட்டு பேஸில் ஆசை வைத்தவர்கள்தான் நம்மில் பலர். அந்த வரிகளை அப்படியே எடுத்து வாசிக்கப் பழகினாலே, கம்பி மாற்றாமல் பாதித் தூரம் போய்விடலாம்.

காசு செலவழிக்கும் முன் ஒரு பரீட்சை செய்து பாருங்கள். பாத்திரம் கழுவும் ஸ்பொஞ்சில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, பிரிட்ஜுக்கு ஒட்டினாற்போல் கம்பிகளுக்கு அடியில் செருகுங்கள். டோன் குமிழைப் பாதிக்குக் குறையுங்கள். பழைய ஃபெண்டர்களில் பிரிட்ஜ் மூடிக்குள் இதே வேலைக்கு ஒரு ஸ்பொஞ்ச் இருந்தது. இந்தச் சத்தம் உங்கள் பாண்டுக்குள் நன்றாக உட்கார்ந்தால், ஃப்ளாட் பக்கம் போகலாம் என்று அர்த்தம். ஃப்ளாட்டின் சத்தம் அப்படியே வந்துவிடாது. எந்தப் பக்கம் போகவேண்டும் என்பது தெரிந்துவிடும். தேவாலயப் பாடகர் குழுவோடு வாசிப்பவர்களுக்கு நான் தயங்காமல் ஃப்ளாட்தான் சொல்வேன். குரல்களுக்குக் கீழே பாய் விரித்தாற்போல் கிடக்கும். மாறாக, பைலா ஆட்டப் பாட்டுகளுக்குத் துள்ளலாக வெட்டி வாசிப்பவருக்கும் பெருவிரலால் கம்பியைத் தட்டி ஸ்லாப் அடிப்பவருக்கும் ஃப்ளாட் கையைக் கட்டிப்போட்டதுபோல் இருக்கும்.

உலோகத்தில் ஏமாறுவதும் உண்டு. பெட்டியில் ‘நிக்கல்’ என்று இருந்தால் எல்லாம் ஒன்றென்று எடுத்துவிடுகிறார்கள். பெரும்பாலானவை நிக்கல் பூசிய ஸ்டீல். துலக்கமும் சூடும் கலந்த நடுத்தர வழி, முதல் செட்டுக்கு நல்லது. முழு நிக்கல் சுற்று அதைவிட மங்கலானது, பழங்காலத்து வாசம் உள்ளது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் ஆகத் துலக்கம். விரலுக்குச் சொரசொரப்பு, கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளான பிரெட்டுகளையும் கொஞ்சம் வேகமாகத் தேய்க்கும். அகூஸ்டிக் பேஸுக்கென்று வரும் வெண்கலக் கம்பியை மின் பேஸில் பூட்டிவிட்டு, சத்தம் சின்னதாகிவிட்டது என்று வந்த ஒரு தம்பியைக் கண்டேன். காந்தப் பிக்கப்புக்கு இரும்பு வேண்டும். வெண்கலச் சுற்றை அது உணராது, உள்ளே இருக்கும் கருவை மட்டுமே உணரும்.

தடிப்பு விஷயத்தில்தான் அதிகக் குழப்பம். 45–105 என்றால் மெல்லிய கம்பி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 45 பங்கு, தடித்தது 105 பங்கு. ‘தடிப்பான கம்பி, தடிப்பான சத்தம்’ என்று கண்ணை மூடிக்கொண்டு 110க்குப் போகிறார்கள். ஒரே நீளம், ஒரே சுருதி, ஒரே வகைக் கம்பி என்றால் இழுவிசை கம்பியின் எடையோடு ஏறும். 100ஐ விட்டு 105க்குப் போனால் தடிப்பு 5 வீதம்தான் கூடுகிறது; இழுவிசை ஏறக்குறைய 10 வீதம் கூடும். நாலு கம்பியிலும் அப்படிக் கூடினால் கழுத்து முன்னுக்கு வளையும், கம்பி உயரும், கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் நட்டின் வெட்டுக்குள் கம்பி சரியாக இறங்காது. பிறகு பழி கம்பிமேல் விழும். தடிப்பை மாற்றினால், கழுத்துக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ரொட்டையும் பிரிட்ஜில் சுருதிச் சரிபார்ப்பையும் சேர்த்தே பார்க்கவேண்டும். ட்ரஸ் ரொட்டை ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள்.

பெட்டியிலுள்ள எண் இழுவிசையை முழுதாகச் சொல்லாது என்பதையும் கவனியுங்கள். தொமஸ்டிக் நிறுவனத்தின் ஃப்ளாட் செட் ஒன்று 43, 56, 70, 100 என்று வரும். கைக்கு வலு மென்மை. லா பெல்லாவின் 52–110 ஃப்ளாட் செட்டோ இரும்புக் கம்பி வேலி போல நிற்கும். இரண்டும் ஃப்ளாட்தான். ‘ஃப்ளாட் என்றால் கை நோகும்’ என்று ஒன்றை வைத்து எல்லாவற்றையும் ஒதுக்கிவிட வேண்டாம். பாடுபவருக்காக முழுக் கம்பிகளையும் ஒரு முழுச்சுரம் இறக்கி வாசிக்கும் பாண்டுகளுக்கு மட்டும் தடித்த செட் உண்மையிலேயே தேவை: அப்படி இறக்கினால் இழுவிசையில் 20 வீதமளவு போய்விடும், கம்பி பிரெட்டில் அடித்து இரையும்.

நீளத்தை அளக்காமல் வாங்குவது காசை நேரே தண்ணீரில் போடும் தவறு. சாதாரண பேஸ் 34 அங்குலம். சின்னக் கைப் பிள்ளைகளின் பேஸ் 30. நீளக் கம்பியைச் சின்ன பேஸில் பூட்டினால் முழுத் தடிப்புச் சுற்றும் முறுக்காணியில் போய்ச் சுருளும். ஃப்ளாட் அங்கேயே வெடித்துவிடும். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி 30 அங்குல பேஸுக்கு ஃப்ளாட் கேட்டு எழுதினார். கொழும்பிலிருந்து ஒரு கடை 34 அங்குலச் செட்டை இரவு பஸ்ஸில் போட்டு அனுப்பியது. பெட்டியைப் பார்க்காமல் பூட்டினார். இரண்டாவது சுற்றிலேயே ஈ கம்பியின் நாடா பிரிந்து விரிந்துவிட்டது. பூட்டிய கம்பியைக் கடை திருப்பி எடுக்கவில்லை. பிரிட்ஜில் கம்பியின் நுனிக் குண்டு உட்காரும் இடத்திலிருந்து நட் வரை அளந்து, அதை எழுதிக்கொண்டு கடையோடு பேசுங்கள். உடலின் பின்பக்கத்தால் கம்பி நுழையும் மாதிரி என்றால், அதற்கென்று கூடுதல் நீளம் கேளுங்கள்.

பிரெட் இல்லாத பேஸில் ரவுண்ட் போடுபவர்கள், விரல் அழுத்தும் கழுத்துப் பலகை தேயும் என்பதைத் தெரிந்து போடவேண்டும். பிரெட் இல்லாத பேஸால் பெயர்பெற்ற ஜாக்கோ பஸ்டோரியஸ் ரவுண்ட்தான் போட்டார். ஆனால் பலகைக்கு எப்பொக்சி என்ற கெட்டியான பிசின் பூசியிருந்தார்.

இனி நம்முடைய ஊருக்கென்றே உள்ள சிக்கல். கச்சான் காலத்து வெக்கையில் கை வியர்த்துக் கொட்டும். பின்னேரக் கடற்காற்று உப்பைக் கொண்டு வந்து படியவைக்கும். ரவுண்ட் கம்பியின் சுற்றுகளுக்கிடையே அது இறங்கி உட்கார்ந்தால், வேறு இடத்தில் மாதக்கணக்கில் மின்னும் செட் இங்கே சில கிழமைகளில் செத்துவிடும். கடற்கரை மேடையில் மினுக்கம் கட்டாயம் வேண்டுமென்பவர் ஸ்டெயின்லெஸ் அல்லது மேற்பூச்சுள்ள கம்பி எடுக்கட்டும். விலை கூட, ஆனால் கணக்குக்கு வரும். ஃப்ளாட்டில் அழுக்குப் புகும் இடைவெளி மிகக் குறைவு, வருடக்கணக்கில் தாங்கும். எதுவானாலும் வாசித்து முடிந்தவுடன் பழைய சாரத் துண்டொன்றால் துடையுங்கள். மேல்பக்கம் மட்டும் தடவினால் போதாது. துணியைக் கம்பிக்கு அடியில் விட்டு, இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்து, நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை ஒருமுறை இழுங்கள். வெள்ளைத் துணியானால் எவ்வளவு கறுப்பு வருகிறதென்று கண்ணாலேயே காண்பீர்கள்.

செத்த கம்பியைத் தண்ணீரில் அவித்து எடுக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. சத்தம் திரும்பும், சில நாளைக்கு. சுற்றுக்குள் நின்ற ஈரம் பிறகு துருவாகும். கட்டாயமானால் ஸ்பிரிட்டில் ஊறவைத்து உலர்த்துவது மேல். ஸ்பிரிட்டை அடுப்புக்குக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள். நைலோன் நாடாக் கம்பிக்கு இரண்டுமே வேண்டாம். 12ஆம் பிரெட்டின் மேல் விரலை மெல்லத் தொட்டு எழுப்பும் சுரமும், அதே இடத்தில் அழுத்தி எழுப்பும் சுரமும் முன்பு ஒத்திருந்து இப்போது ஒத்துவராவிட்டால், அந்தக் கம்பியின் ஆயுள் முடிந்துவிட்டது.

ஃப்ளாட் பூட்டி இரண்டு நாளில் ‘இது சரிவராது’ என்று கழற்றுவோரும் உண்டு. புது ஃப்ளாட்டுக்கும் முதலில் ஓர் உலோகக் கூர்மை இருக்கும். சில கிழமை வாசித்த பிறகே அதன் சொந்தக் குரல் வெளியே வரும்.

கம்பியை வெட்டும்போது முறுக்காணிக்கு அப்பால் நாலைந்து அங்குலம் விட்டு, வெட்டப்போகும் இடத்துக்குச் சற்று முன்பாக நேர்கோணத்தில் மடியுங்கள். மடித்த பிறகே வெட்டுங்கள். மடிக்காமல் வெட்டினால் சுற்று கருவின்மேல் வழுக்கி, புதுக் கம்பியே செத்ததுபோல் ஒலிக்கும். கழற்றிய பழைய செட்டை எறியாதீர்கள். துடைத்து, வட்டமாகச் சுருட்டி, எந்தக் கம்பி என்று கடதாசியில் எழுதி ஒட்டி, கிற்றார் பைக்குள் வையுங்கள். இரவு பத்து மணிக்கு நிலாவெளியில் ஏ கம்பி அறுந்தால் திறந்திருக்கும் கடை எதுவும் இல்லை.